நெல்லின் வேரை மரபணு வழியாக ஆழமாக இறங்க வைக்க முடியுமா?

கண்மாய் பெருகாத வருஷத்தில் நம் செட்டிநாட்டுப் பக்கம் நெல் காய்ந்துவிடுகிறதே, வேர் ஆழமாகப் போனால் தப்பிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு தப்பிக்கும், செய்தே காட்டிவிட்டார்கள்.

மழை தவறிய வயலில் ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். வேரெல்லாம் மேல்மண்ணிலேயே தேங்காய் நார் மாதிரி பரவிக் கிடக்கும். கீழே ஈரம் இருந்தும் எட்டாது. ஐஆர் 64 ரகம் அப்படித்தான். வேரைக் கீழ்நோக்கி வளைக்கும் டிஆர்ஓ1 என்ற மரபணு அதில் பழுது; ஒரே ஓர் டிஎன்ஏ எழுத்து விடுபட்டதால் புரதம் முழுசாக உருவாவதில்லை. பிலிப்பைன்ஸின் மேட்டுநில ரகமான கினான்டாங் பட்டோங்கில் அந்த மரபணு பழுதில்லாமல் இருக்கிறது.

படுக்கையாக ஓடும் வேரின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்ப்பக்கம் சேரும். அந்தப் பக்கச் செல்கள் நீள்வது குறையும், மேல்பக்கச் செல்கள் நீளும், வேர் தலைகுனியும். இந்த வளைவைக் கூட்டுவதுதான் டிஆர்ஓ1.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு ரகங்களையும் கலந்து, அப்புறம் ஐஆர் 64-உடனேயே திரும்பத் திரும்பக் கலந்து, அந்த மரபணு இருக்கும் பகுதியை மட்டும் தக்கவைத்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது: கடும் வறட்சியில் ஐஆர் 64 கிட்டத்தட்டப் பதராகிவிட, புதியது மணி பிடித்தது. வேறோர் உயிரின் மரபணுவைப் புகுத்திய பி.டி. பருத்தி மாதிரி அல்ல இது, வழக்கமான கலப்புதான்.

சரி, நம் ஊருக்கு? சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்புறாங்கல்; கடப்பாரையே இறங்காது, வேர் எங்கே இறங்கும்? விதையைத் தேடும் முன் வயலில் ஒரு குழி வெட்டி, மண் எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிடுங்கள்.