கோலப்பொடி யார் கையில்?

அன்புள்ள அக்கா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். டீமில் 14 பேர். 9 பேர் இங்கே, 5 பேர் கோவையில். ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருக்கிறோம். யாரைக் கேட்டாலும் “புரியுது, பண்ணிடலாம்” என்பார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

எல்லாரையும் ஒரே திசைக்குக் கொண்டுவர என்னென்னவோ செய்துவிட்டேன். ஸ்பாகெட்டிக் குச்சியும் மார்ஷ்மெல்லோவும் வைத்துக் கோபுரம் கட்டும் விளையாட்டு நடத்தினேன். ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று சீட்டைக் காட்டி மதிப்பிடும் பிளானிங் போக்கர் சீட்டுக்கட்டு வாங்கினேன். என் மேலதிகாரி முதலில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார், எல்லாரும் அதே சீட்டைக் காட்டுவார்கள், அதனால் அது மட்டும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. போன மாதம் மீட்டிங் அறைச் சுவர் முழுக்க ஸ்டிக்கி நோட்டால் புராஜெக்ட் வரைபடம் போட்டோம். நேரம் வீணாகக் கூடாது என்று முந்தின இரவே உட்கார்ந்து நானே நிரப்பி வைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். டெஸ்டிங்கில் இருக்கும் ஒரு பெண் மட்டும் ரிலீஸ் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டை ஒட்டினார், கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்துவிட்டார். மறுவாரம் பழைய கதைதான்.

இதெல்லாம் எல்கேஜி விளையாட்டு என்கிறார் மேலதிகாரி. சுவரை விட்டுவிட்டு மிரோ மாதிரி ஆன்லைன் பலகைக்குப் போகலாமா? லெகோ வைத்து ஒரு முறை இருக்கிறதாமே, செலவு செய்யலாமா? எது சிறந்தது? தமிழில் இதற்குப் புத்தகம் உண்டா?

ஆர்.
சென்னை

அன்புள்ள தம்பி,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது 1990களில் நான் எழுதிய கள நோட்டு ஒன்று கிடைத்தது. அதன் நடுப்பக்கத்தில் ஒரு கண்மாயின் படம். கோலப்பொடியில் தரையில் வரைந்ததைப் பார்த்து நான் பேனாவால் பிரதி எடுத்தது. நான்கு நாளாக அந்தப் பக்கத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. “முந்தின இரவே உட்கார்ந்து நானே நிரப்பி வைத்தேன்” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதையே நானும் செய்திருக்கிறேன்.

அப்போது எனக்கு 24 வயது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய் சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஊர்க் கூட்டத்துக்கு முன்தினம் ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து, பொறியாளர் கொடுத்த அளவுகளை வைத்துப் பெரிய சார்ட்டில் படம் வரைந்தேன். கரைக்குப் பழுப்பு, தண்ணீருக்கு நீலம், மடைக்குச் சிவப்பு, உபரித் தண்ணீர் வழியும் கலுங்குக்குக் கறுப்பு. மறுநாள் சாவடியில் அதை விரித்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். “ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டேன். கண்மாய்க் கமிட்டித் தலைவர் “நல்லா இருக்கும்மா” என்றார். உடனே எல்லாத் தலையும் ஆடியது. கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன். கரை உயர்ந்தது, மடைக்குப் புதுப் பலகை வந்தது. அந்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் மூத்த களப்பணியாளர் ஒருவர் என்னை மறுபடி அந்த ஊருக்குக் கூட்டிப்போனார். மந்தையில் சாணி தெளித்த தரையில் ஒரு டப்பா கோலப்பொடியை வைத்தார். “கண்மாயைப் போட்டுக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் டப்பாவை எடுக்கக் குனிந்தேன். “நீ பேசாம கையைக் கட்டிக்கிட்டு உக்காரு” என்றார். வெகுநேரம் யாரும் அசையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் ஒரு பாட்டி எழுந்து வந்து கரையை இழுத்தார். “அது அங்கிட்டு இல்ல, இங்கிட்டு” என்று இன்னொருத்தர் காலால் அழித்தார். அப்புறம் நிற்கவில்லை. ரோட்டுக்குச் செங்கல் பொடி, வீட்டுக்குப் புளியங்கொட்டை, தோப்புக்கு வேப்பங்கொத்து. பாட்டி கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை இழுத்துக்கொண்டே வந்தவர், செங்கல் பொடி குறுக்கிட்ட இடத்தில் நின்றார். வளையல் துண்டு ஒன்றைப் பொறுக்கி அங்கே வைத்தார். “ரோடு போட்டப்ப வச்ச கொழா மேட்டுல கெடக்கு. தண்ணி இந்தப் பக்கமே வராது. கரையை ஒசத்தி என்ன செய்ய?”

கூட்டத்தில் சத்தமே இல்லை. ஏன் பாட்டி போன வருஷமே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. “நீ கேக்கலையே தாயி. காயிதத்தைக் கொண்டாந்த. அதுல எல்லாம் எழுதித்தான இருந்துச்சு” என்றார்.

தம்பி, உங்கள் சுவரிலும் எல்லாம் எழுதித்தான் இருந்தது. 9 பேர் முன்னால் முடிந்துபோன ஒரு படத்தை வைத்துவிட்டு, அவர்கள் பாராட்டியதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டீர்கள். நேரம் வீணாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். எது வீண்? அந்த மந்தையில் யாரும் அசையாமல் இருந்த நேரம்தான் அந்த ஊரில் நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் வேலை. அதைச் சகிக்க முடியாமல்தான் நீங்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்து நிரப்பியிருக்கிறீர்கள். அக்கறையில் செய்தீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் தப்பு தப்புதான்.

இந்தத் தரைப்பட முறை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1980களின் கடைசியில் இந்தியாவிலும் கென்யாவிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வளர்ந்தது. கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் முன்னோடியாகச் செய்தது. 1989 முதல் 1991 வரை ஹைதராபாத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் அதை எழுதி எழுதி உலகமெங்கும் கொண்டுபோனார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது குச்சியைக் கைமாற்றிக் கொடுங்கள் என்பதுதான். தரையில் வரையும்போது குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர் பார்வைதான் படமாகிறது. காகிதமும் பேனாவும் என்றால் படித்தவர் கைக்குத்தான் போகும். கோலப்பொடி என்றால் எழுதத் தெரியாத பாட்டியும் குனிவார், பிடிக்காததைக் காலால் அழிப்பார். அழிக்க முடிகிற படத்தில்தான் ஆட்கள் கை வைக்கிறார்கள். உங்கள் அழகான எழுத்தில், நேர்கோட்டில் ஒட்டிய சுவரில் யார் கை வைப்பார்கள்?

பெரிய தொழிற்சாலைகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. டொயோட்டாவில் பிரியஸ் காரை உருவாக்கும் பொறுப்பு தாகேஷி உச்சியமாதாவிடம் வந்தபோது, அவர் அதற்கு முன் தலைமைப் பொறியாளராக இருந்தவர் இல்லை. எல்லாத் துறையும் தனக்குத் தெரியாது என்பதால், தெரிந்தவர்களை ஒரே பெரிய அறையில் கூட்டி, வேலையின் நிலையைச் சுவர்களில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். அந்த முறைக்கு ஒபேயா என்று பெயர். ஜப்பானிய மொழியில் ஒபேயா என்றால் பெரிய அறை, அவ்வளவுதான். 1997 டிசம்பரில் அந்தக் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இன்று அலுவலகங்கள் சுவரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எனக்குத் தெரியாது என்று தலைவர் சொல்வதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

போக்கர் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோது உண்மையாகவே கோபம் வந்தது. 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் என்ற மென்பொருள்காரர் எழுதி வைத்த விளையாட்டு அது. முதலில் பேசுகிறவரின் எண் மற்றவர்களை இழுத்துவிடும் என்பதால்தான் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். ஒருவர் 2 காட்டி இன்னொருவர் 13 காட்டினால் அந்த இரண்டு பேரும் பேச வேண்டும். விளையாட்டே அந்தப் பேச்சுதான். உங்கள் மேலதிகாரி வாயைத் திறந்து “8” என்று சொன்ன பிறகு 14 பேரும் 8 காட்டுவது என் சாவடியில் ஆடிய தலைகள். அது சீக்கிரம் முடிகிறது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள்! அடுத்த முறை அவரை வெளியே டீ குடிக்க அனுப்புங்கள். முடியாதென்றால் அவர் சீட்டையும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கோலத்தையும் நான் புனிதமாக்கிவிடக் கூடாது. பாட்டி போட்ட படத்தில் காலனி இல்லை. புளியங்கொட்டைகள் ஊர்த் தெருவோடு நின்றுபோயிருந்தன. மந்தையில் கூட்டம் என்றால் காலனிக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரத்தில்தான் நிற்பார்கள் என்பது எங்கள் மூத்தவருக்குத் தெரியும். சாயங்காலம் இன்னொரு டப்பாவோடு காலனிக்குப் போனோம். அங்கே போட்ட கண்மாய் வேறு. கடைமடை வயல்கள் அவர்களுடையவை, எந்த மடையை எத்தனை நாள் திறக்கவில்லை என்று விரல் மடக்கிச் சொன்னார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச அந்த ஊருக்கு இரண்டு மாதம் ஆனது. உங்கள் கோவைக்காரர்கள் 5 பேரும் அந்தச் சுவரை எப்படிப் பார்த்தார்கள்? நீங்கள் எழுதவே இல்லை. போட்டோவாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மற்ற கேள்விகள். மிரோவா சுவரா என்பதில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. கோவைக்காரர்களுக்காக ஆன்லைன் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காலிப் பலகையாகத் திறங்கள். மார்ஷ்மெல்லோ கோபுரத்தை விடுங்கள். அது உங்கள் பில்லிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. லெகோ முறையை அந்த நிறுவனமே 2010இல் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, எல்லாரும் கட்ட வேண்டும், எல்லாரும் தான் கட்டியதைச் சொல்ல வேண்டும், கேள்வியை ஆளிடம் கேட்காமல் அவர் கட்டிய பொம்மையிடம் கேட்க வேண்டும் என்ற விதி. மந்தையிலும் சண்டை கோலத்தோடுதான் நடந்தது, பாட்டியோடு இல்லை. லெகோவுக்குக் காசில்லையென்றால் புளியங்கொட்டை போதும். தமிழில் புத்தகம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் அந்தச் சுவரைக் கலையுங்கள்.

கலைத்துவிட்டு, ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது பில் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் போடச் சொல்லுங்கள். முழு புராஜெக்டையும் போடாதீர்கள். மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு அறையின் கடைசி நாற்காலியில் உட்காருங்கள். யாரும் எழுந்திருக்காவிட்டால் நீங்களும் எழுந்திருக்காதீர்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டெஸ்டிங்கில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். 14 பேரில் அவர் ஒருவர்தான் உங்கள் சுவரில் கை வைத்திருக்கிறார், அதுவும் ரிலீஸ் தேதிக்குப் பக்கத்தில். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்திருப்பார், எடுத்துவிட்டார். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் கேட்டீர்களா? மீட்டிங்கில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாக, நிதானமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா