காற்று விட்டால் கிளம்பலாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்புகளில், மினசோட்டாவின் வடக்கு ஓரத்தில் உள்ள வாயஜர்ஸ் தேசியப் பூங்காவில் ஒரு தீவில் மூன்று இரவு டென்ட் போட்டுத் தங்கியதாக இரண்டே வரி எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டீர்கள். நாங்கள் ஒன்பது வருடமாக மினியாபொலிஸில் இருக்கிறோம். காரில் ஐந்து மணி நேரம்தான், இதுவரை போனதில்லை. இந்த ஜூலையில் நான், கணவர், பதினோரு வயது மகள் மூவரும் போகலாம் என்று இருக்கிறோம்.

நண்பர்கள் கரடி, ஓநாய் என்று பயமுறுத்துகிறார்கள். கணவருக்குப் பயம் இல்லை, வேறு குறை. “இணையத்துல முன்பதிவு, கார்டுல பணம், இடத்துக்கு நம்பர், உட்கார மேஜை, சாப்பாடு வைக்கப் பெட்டி. இதுக்குப் பேரு காடா? ரூம் இல்லாத ஓட்டல்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மகளுக்கு ஒரே கேள்விதான்: பாத்ரூம் இருக்குமா?

எஸ்., மினியாபொலிஸ்

*

அன்புள்ள எஸ்.,

இரண்டு வரியோடு நிறுத்தியதற்குக் காரணம் வெட்கம்தான். அந்தப் பயணத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை விட்டுவிட்டு மற்றதை எழுத வரவில்லை. இப்போது கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் உங்கள் கணவரின் வழக்கு.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மேஜை உண்டு, தீ மூட்ட இரும்பு வளையம் உண்டு, டென்ட் போடச் சமப்படுத்திய தரை உண்டு. அவருக்கு இன்னும் நாலு பாயிண்ட் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அது மனிதன் கைபடாத காடும் கிடையாது. 1893இல் ரெய்னி ஏரியின் ஒரு சின்னத் தீவில் தங்கம் கிடைத்தது. பக்கத்துக் கரையில் ஒரு ஊரே முளைத்து, சில வருடங்களில் காலியானது. அப்புறம் மரக் கம்பெனிகள் வந்தன. நமேகன் ஏரியில் ஹாய்ஸ்ட் பே என்று ஒரு மூலை இருக்கிறது. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு அங்கே கொண்டுவந்து, தண்ணீரிலிருந்து தூக்கி ரயிலில் ஏற்றினார்கள். தூக்கிய இடம் என்பதுதான் பெயரே. இன்று நிற்பதில் பெரும்பகுதி, வெட்டியபின் மறுபடி வளர்ந்த காடு. ஏரிகளின் நீர்மட்டத்தைக்கூட நூறு வருடத்துக்கு மேலாக இன்டர்நேஷனல் ஃபால்ஸிலும் கெட்டில் ஃபால்ஸிலும் உள்ள அணைகள்தான் முடிவுசெய்கின்றன. இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஓஜிப்வே மக்கள் அங்கே மீன்பிடித்து, தண்ணீரில் விளையும் காட்டரிசியைப் படகில் இருந்தபடியே கோலால் தட்டிச் சேர்த்து வாழ்ந்தார்கள். அவர்கள் எங்கும் போய்விடவில்லை, அந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். 1975இல் பூங்கா அமைந்தபோது அது ஏற்கெனவே பலர் வாழ்ந்து, சிலர் சுரண்டி முடித்த இடம்.

ஆக, காடா என்ற கேள்வியில் உங்கள் கணவர் ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டலா என்ற கேள்வியில்தான் எனக்குத் தகராறு. அவர் கரையில் இருக்கும் சாமான்களை எண்ணுகிறார். கரைக்கும் காருக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரை விட்டுவிடுகிறார். மொத்தம் 2,18,000 ஏக்கரில் ஏறக்குறைய 84,000 ஏக்கர் தண்ணீர். ரெய்னி, கபெடோகமா, நமேகன், சாண்ட் பாயிண்ட் என்று நான்கு பெரிய ஏரிகள், ஐந்நூறுக்கு மேல் தீவுகள். பூங்காவுக்குள் எந்தக் கேம்ப்சைட்டுக்கும் சாலை கிடையாது. கார் படகுத்துறையோடு நின்றுவிடும். ஓட்டலில் பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். அங்கே அது உங்கள் கையில் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம்தான் அந்த முட்டாள்தனம்.

டுலூத்தில் இருக்கும் நண்பரோடு ஆகஸ்ட் கடைசி வாரம் போனேன். பதினாறு அடி அலுமினியப் படகு, பின்னால் சின்ன மோட்டார், வாடகைக்கு. ஆஷ் ரிவர் துறையிலிருந்து கிளம்பி நமேகன் ஏரியில் ஒரு தீவு. மூன்று இரவுகளும் ஏரி தாம்பாளத்தில் ஊற்றிய டீத்தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. நிறமும் அதேதான், சதுப்பில் ஊறிய இலைதழையின் சாறு அங்கே தண்ணீரைப் பழுப்பாக்கிவிடும். கடைசி இரவு நண்பர் சொன்னார்: “காலைல ஆறு மணிக்குப் படகுல இருக்கணும். வெயில் ஏறினா காத்து எழும்பிடும்.” சரி என்றேன்.

காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு டீ. கடைசி நாளாயிற்றே என்று இரண்டாவது டீ. பாறைமேல் உட்கார்ந்துகொண்டு அரை மணி, அரை மணி என்று கெஞ்சி நேரத்தை ஓட்டினேன். டென்ட்டைச் சுருட்டிப் படகில் ஏற்றும்போது மணி ஒன்பதரை. எங்கள் பக்கம் தண்ணீரில் சின்னச் சுருக்கம்தான் இருந்தது. தீவின் முனையைத் தாண்டினோம். அந்தப் பக்கம் ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாக அலைத்தலைகள். மேற்குக் காற்று நேராக முகத்தில். மைல் கணக்கில் தடையே இல்லாமல் தண்ணீர்மேல் ஓடிவருகிற காற்று அது. படகின் மூக்கு ஏறி இறங்கியது. இரண்டாவது இறக்கத்தில் ஒரு அலை உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தது. அரிசிப் பை மிதந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. திருப்பும்போது படகு அலைக்குப் பக்கவாட்டில் விழும், கவிழ்வது அந்த நேரத்தில்தான். இரண்டு அலைக்கு நடுவில் இடம் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வளைப்பாக வளைத்தார்.

பத்து மணிக்கு விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். படகுக்காரருக்கு நண்பகலுக்குள் படகு போக வேண்டும். நண்பருக்கு மறுநாள் காலை அலுவலகம். போனில் சிக்னல் இல்லை. சாயங்காலம் ஆறரை வரை, எட்டரை மணி நேரம், அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம் பாறையைப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று நாளாக அதன்மேல்தான் பாத்திரம் கழுவியிருக்கிறேன், அதில் கோடுகள் இருப்பதைக் கவனிக்கவில்லை. எல்லாம் ஒரே திசையில், யாரோ பெரிய சீப்பால் வாரியது மாதிரி. சில கோடுகளில் சுண்டுவிரல் அடங்குகிறது. பனிப்பாறைக் காலத்தில் மேலே நகர்ந்த பனி, தன் அடியில் மாட்டிய கற்களை இழுத்துக்கொண்டு போட்ட கீறல்கள் அவை. பனி விலகிப் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் அழியவில்லை. கையை அந்தக் கோட்டில் வைத்துக்கொண்டுதான் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், அதாவது நனைந்த ரொட்டி.

காற்று படாத பக்கம் ஒரு லூன், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அதன் குஞ்சு. மினசோட்டாவில் இருக்கிற உங்களுக்கு லூனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அது உங்கள் மாநிலப் பறவை. பெரும்பாலான பறவைகளுக்கு எலும்புக்குள் காற்றறைகள் உண்டு, இதற்கு எலும்பில் பெரும்பகுதி கெட்டி. அதனால் கல் மாதிரி மூழ்கும். அதே காரணத்தால் எழும்பிப் பறக்கத் தண்ணீர்மேல் வெகுதூரம் ஓட வேண்டும். முந்தைய இரவுகளில் அது கத்தும்போதெல்லாம் டென்ட்டுக்குள் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு குரல் கேட்டால் வாசலில் விளக்கு போட்டுவிடுவார்கள். பகலில் பார்த்தால் தாய் முங்குவதும், குஞ்சு தேடுவதும், தாய் வேறெங்கோ எழுவதுமாகச் சாதாரணமாக இருந்தார்கள். காற்றைப் பற்றி அவர்களுக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

அந்தப் பூங்காவுக்குப் பெயர் கொடுத்ததே படகோட்டிகள்தான். ஐரோப்பாவில் தொப்பி செய்ய பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வேண்டியிருந்தது. அதைக் கனடாவின் உள்காட்டிலிருந்து மரப்பட்டைப் படகுகளில் சுமந்துவந்த பிரெஞ்சுக் கனடியக் கூலிகள்தான் வாயஜர்கள். துடுப்பு போட முடியாத இடங்களில் நாற்பது கிலோ மூட்டைகளை, ஒரு தடவைக்கு இரண்டாக, முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தவர்கள். அவர்கள் போய்வந்த நீர்வழியை ஒட்டித்தான் 1842 ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அங்கே எல்லையே வகுத்தார்கள். அவர்கள் விடியுமுன் இருட்டிலேயே கிளம்புவார்கள். காற்று எழும்பினால் கரையேறி உட்கார்ந்துவிடுவார்கள். இதையெல்லாம் ஊர் திரும்பியபின் படித்தேன். முன்னாலேயே படித்திருந்தால் ஒரு டீயோடு நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல ஆசை, ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்குமேல் மர உச்சிகள் முதலில் நின்றன, பிறகு நாணல். இருட்டுவதற்குள் துறைக்கு வந்தோம். படகுக்காரர் எங்கள் சட்டையைப் பார்த்து “காற்றா?” என்று மட்டும் கேட்டார். ஒரு நாள் வாடகை கூடுதலாக வாங்கிக்கொண்டார், நியாயம்தான். நண்பர் இரவோடு இரவாகக் காரோட்டி, காலையில் அலுவலகம் போனார். இன்றுவரை திட்டவில்லை. ஆனால் நான் இரண்டாவது டீ கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எனவே உங்களுக்கு என் முதல் ஆலோசனை: இரண்டு இரவு முன்பதிவு செய்தால் மூன்று நாளுக்கு லீவு போடாதீர்கள், நான்கு நாளுக்குப் போடுங்கள். ஒரு நாள் காற்றுக்கு. அது எடுத்துக்கொள்ளாவிட்டால் வீட்டில் தூங்குங்கள்.

கரடிக்கு வருகிறேன். அங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான். மனிதரைக் கண்டால் ஒதுங்கும், மனிதர் சாப்பாட்டைக் கண்டால் ஒதுங்காது. அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை உங்களுக்காக வைத்திருப்பதாக உங்கள் கணவர் நினைக்கிறார், பாதிதான் சரி. மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்லும்படி ஆகிவிடும். மணக்கிற எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும்: பற்பசை, சோப்பு, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில். நான் முதல் இரவு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தலையில் தேங்காய் எண்ணெயோடு படுத்தேன். நண்பர் அதைக் கண்டுபிடித்தது நடுராத்திரியில். ஓநாயைப் பற்றிக் கவலையே வேண்டாம். தூரத்தில் ஊளை கேட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். மினசோட்டாச் சட்டப்படி, ஓடும் படகில் பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். உங்கள் மகளுக்குப் பதினொன்று, சட்டத்தைப் பார்க்காமல் போட்டுவிடுங்கள். நீங்களும் போடுங்கள். படகில் சும்மா கிடக்கும் ஜாக்கெட்டால் ஒரு பயனும் இல்லை. தண்ணீருக்கடியில் பாறைகள் உண்டு, ஏரி வரைபடம் இல்லாமல் கிளம்பாதீர்கள். குடிநீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். கபெடோகமாவில் கோடைக் கடைசியில் நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு. அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது, பாசி தெரியும் இடத்தில் மொள்ளவே கூடாது. வீட்டிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், மரத்தைத் துளைக்கும் வண்டும் கூடவே வரும். ஜூலையில் கொசு அதிகம், சாயங்காலம் முழுக்கை போடுங்கள். சூரியன் மறையவே இரவு ஒன்பதைத் தாண்டும், முழு இருட்டுக்கு இன்னும் நேரமாகும். அதுவரை மகளைத் தூங்கவிடாதீர்கள். நட்சத்திரம் பார்க்க அவ்வளவு நல்ல இருட்டு என்று 2020இல் அந்த இடத்துக்கு இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரமே கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவருக்கு ரூம் உள்ள ஓட்டலே வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. கெட்டில் ஃபால்ஸில் நூறு வருடத்துக்கும் பழைய ஓட்டல் கட்டடம் ஒன்று இருக்கிறது. படகிலோ மிதவை விமானத்திலோதான் போக முடியும். எல்லைக்கோடு அங்கே வளைந்து போவதால், அணைப் பக்கம் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது கனடா. இந்த வருடம் அறை தருகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: பாத்ரூம் இல்லை, கக்கூஸ் உண்டு. குழிக் கழிப்பறை, மரங்களுக்குள் கொஞ்சம் தள்ளி இருக்கும். குளிக்க ஏரி இருக்கிறது, ஆனால் சோப்பு ஏரிக்குள் கூடாது, வாளியில் மொண்டுகொண்டு கரையை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு டென்ட் வாசலிலிருந்து கக்கூஸ் நாற்பத்தெட்டு தப்படி. என் டார்ச் இரண்டாம் இரவே செத்துவிட்டதால் எண்ணிக்கொண்டே போய்வந்தேன்.