நானா இருக்க மாமா வலியாக நின்ற நிக்காஹ் செல்லுமா?

நாவலப்பிட்டியில் கடை வைத்திருக்கும் ஒரு நானா (அண்ணன்) எழுதியிருக்கிறார். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம், வாப்பாவின் வாப்பாவும் இல்லை. 26 வயது தங்கச்சி, ஆசிரியை, வெலிமடைப் பையன் ஒருவரை முடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பையன் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவர், "எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்று இவர் மறுத்துவிட்டார். ஐந்து மாதத்துக்கு முன் உம்மாவின் தம்பி வலியாக, அதாவது பெண்ணை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக, நின்று நிக்காஹ் நடந்து, பதிவும் ஆகிவிட்டது. இப்போது தங்கச்சி மூன்று மாதக் கர்ப்பிணி. "நான்தான் வலி. என்னைக் கேட்காமல் நடந்ததை ரத்துச் செய்ய எனக்கு உரிமை இல்லையா?" என்பது கேள்வி.

தம்பி, சட்டக் கேள்விக்கு முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஷாபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழிமுறை) குடும்பம் என்றால் உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. ஷாபி முறையில் வலி உரிமை வாப்பா வழியில்தான் போகும்: வாப்பா, அவருடைய வாப்பா, அதற்கப்புறம் கூடப் பிறந்த சகோதரன், இப்படியே சாச்சா வரைக்கும். உம்மாவின் சகோதரனுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 25ஆம் பிரிவும், ஷாபிப் பெண்ணின் நிக்காஹ்வுக்கு உரிமையுள்ள வலி நேரில் இருக்க வேண்டும் என்கிறது. பதிவாகிவிட்டதே என்று மாமா சொன்னால், பதிவு செய்ததால் மட்டும் செல்லாத திருமணம் செல்லுபடியாகிவிடாது என்று 16ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்க்காமல் காதியிடம் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) ஓட வேண்டாம். ஒன்று, தங்கச்சி முன்கூட்டியே காதியிடம் போயிருக்கிறாரா? வலி நியாயமில்லாமல் சம்மதத்தைத் தடுத்து வைத்தால் பெண்ணே முறைப்பாடு செய்யலாம், காதி விசாரித்து வலி இல்லாமலே நிக்காஹ்வை அனுமதிக்கலாம், அது 47ஆம் பிரிவு. அப்படி ஓர் உத்தரவு இருந்தால் மாமா நின்றாரா யார் நின்றார் என்பது பேச்சே இல்லை, நீங்கள் காதிகள் சபைக்கு மேன்முறையீடுதான் போக வேண்டும், அதற்குக் காலம் குறைவு. மற்றது, தங்கச்சி ஹனபி மத்ஹபா? மாப்பிள்ளை வீடு ஹனபி என்பது போதாது, சட்டம் பார்ப்பது பெண்ணின் மத்ஹபை. ஹனபியில் பருவமடைந்த பெண் தானே நிக்காஹ் செய்துகொள்ளலாம், வலிக்கு ஆட்சேபனை சொல்ல இடம் குஃபு (இருவருக்கும் உள்ள தகுதிப் பொருத்தம்), மஹர் (மணக்கொடை) என்று கொஞ்சம்தான்.

இரண்டும் இல்லையென்றால், திருமணம் செல்லாது என்ற பிரகடனத்துக்கான விண்ணப்பம் காதி முன்தான் போகும். 74ஆம் பிரிவின்படி அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை, நான் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் எழும்பி நின்று பேச வேண்டும். வாப்பாவின் மரணச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், பதிவின் பிரதி எல்லாம் கையில் இருக்கட்டும். காதி உங்களிடம் முதலில் கேட்கப்போவது "ஏன் மறுத்தீர்கள்?" என்பதுதான். தொழிலும் குஃபுவில் ஒரு விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழுகை உள்ள, கடன் இல்லாத, சொந்த உழைப்பில் சாப்பிடுகிற பையன் என்று உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லொறி ஓட்டுவதுதான் குறை என்று உங்களால் சொல்ல முடியுமா? எனக்கு நெஞ்சு அடைக்கிறது, நீங்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

இதையும் பாருங்கள். 25ஆம் பிரிவில் வலியின் வேலையே பெண்ணின் சம்மதத்தைத் தெரிவிப்பது, அதோடு தன் சம்மதத்தைச் சொல்வது. அவளுடைய சொல் உங்கள் வாய் வழியாக வர வேண்டும் என்றுதான் சட்டம் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஷாபியிலேயே வாப்பாவுக்கும் பாட்டனுக்கும்தான் பேசப்படுகிறது, சகோதரனுக்கு அது கிடையாது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவுப் படிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது, வலி என்ற இடத்தில் மாமாவின் கையெழுத்து கொஞ்சம் நடுங்கினாற்போல் இருக்கிறது. மணமகள் கையெழுத்து வைக்கக் கோடே கிடையாது. வருடக்கணக்காகப் பார்த்த படிவம்தான், ஒவ்வொரு தடவையும் எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது.

ஜெயித்தால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். நிக்காஹ் செல்லாது என்று காதி பிரகடனம் செய்தால் உங்கள் தங்கச்சி மூன்று மாதக் கர்ப்பத்தோடு வெலிமடையில் கணவன் இல்லாத பெண்ணாக நிற்பார். நல்லெண்ணத்தில் நடந்த குறைபாடுள்ள நிக்காஹ்வில் பிறக்கிற பிள்ளைக்கு வாப்பா உண்டு என்று ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) சொல்கிறது, ஆனால் அதை ஊர் வாய்க்கு யார் விளக்குவது? பாடசாலையில் ஓய்வறையில் அவர் என்ன முகத்தோடு உட்காருவார்?

குறையைச் சரிசெய்ய இலகுவான வழி ஒன்று இருக்கிறது. நீங்களே வலியாக நின்று, இரண்டு சாட்சிகள் முன், மஹரோடு நிக்காஹ்வைப் புதிதாகச் செய்து கொடுங்கள். பள்ளிவாசல் மண்டபம் எதுவும் தேவையில்லை, உம்மாவின் வீட்டு முன்னறை போதும், அரை மணித்தியால வேலை. பழைய பதிவை என்ன செய்வது என்று அந்தப் பதிவுகாரரிடமும் காதியிடமும் போய்க் கேளுங்கள், மறைக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மாமாவோடு உள்ள கோபத்தை அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் "எனக்குச் சம்மதம்" என்று தங்கச்சியிடம் அவர் கையால் எழுதி வாங்கி, திகதி போட்டு, படிவத்தின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.