டீயில் நனைத்த பன்னும் 7 கிலோ பாப்பாவும்

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். பாப்பாவுக்கு 14 மாதம், 7 கிலோதான். மாமியார் டீயில் பன் நனைத்துக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறாள். (திருப்பூர்)

இந்த வயதுப் பெண் குழந்தை 9 கிலோவுக்கு மேல் இருப்பது வழக்கம். 7 கிலோ குறைவுதான், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாமியார் மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்வரை லைன் வீட்டில் ஒற்றை ஆளாகப் பிள்ளையைச் சமாளிப்பவருக்குத் தெருமுனை பேக்கரிதான் துணை. (நம் பக்கம் பேக்கரிக்கா பஞ்சம்!) ஆனால் அந்தச் சின்ன வயிறு பன்னிலேயே நிறைந்துவிடுகிறது. டீ வேறு, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

தனிச் சமையல் வேண்டியதில்லை. காலையில் குக்கர் வைக்கும்போது உள்ளேயே ஒரு டம்ளரில் ஒரு பிடி அரிசி, அரைப் பிடி துவரம்பருப்பு, தண்ணீர் விட்டு வைத்துவிடுங்கள். காரமில்லாத அரிசிம்பருப்பு தயார். கடைந்து ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெய் விடுங்கள். அந்த ஒரு ஸ்பூனில் மட்டும் 45 கலோரி போல இருக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சியாக வழியக் கூடாது, தண்ணியாக இருந்தால் வயிறு ரொம்பும், உடம்பு ஏறாது. நாளுக்கு 3, 4 வேளை கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு முட்டையோ வாழைப்பழமோ போதும். தாய்ப்பால் இருந்தால் ராத்திரி நிறுத்த வேண்டாம்.

2 வயதுப் பேரன் கன்னம் உப்பி நன்றாகத்தான் இருக்கிறான். அங்கன்வாடியில் கையை நாடாவால் அளந்து சிவப்பு என்கிறார்கள். நம்புவதா? (ஈரோடு)

நம்புங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அதிலிருந்து 12.5 வரை மஞ்சள். உப்பிய கன்னம்தான் எனக்குக் கவலை. அது சதையா நீரா? இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர். அப்புறம் நாடா என்ன சொன்னாலும் சரி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

சத்துமாவுக் கஞ்சியைத் துப்பிவிடுகிறான். (கோவை)

கஞ்சியை விடுங்கள். மாவை வறுத்து, நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு உருண்டை பிடியுங்கள், இல்லை கொழுக்கட்டையாக அவியுங்கள். அங்கன்வாடியில் தரும் மாவில் வெல்லம் ஏற்கனவே கலந்திருக்கிறது, சர்க்கரை சேர்க்காதீர்கள். அது அவன் பங்கு, பெரியவர்கள் கை வைக்க வேண்டாம்.

வயிற்றாலே போகிறபோது சோறு கொடுக்கலாமா? அம்மிச்சி பட்டினி போடச் சொல்கிறார். (திருப்பூர்)

கொடுக்க வேண்டும். மாதத்துக்கு ஒருதரம் வயிற்றாலே போய், ஒவ்வொரு தரமும் பட்டினி கிடந்தால் எடை எப்படி ஏறும்? ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தாய்ப்பால், குழைந்த சாதம் எல்லாம் தொடரட்டும். 6 மாதம் தாண்டிய பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் நடுவில் நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்கவே மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.