மிக்ஸிக்கு எந்த ஸ்டாண்டர்டு?

கேள்வி: வியாசர்பாடியில் 750 வாட் மிக்ஸி தயாரிக்கிறோம். ஜெர்மனிக்கு அனுப்ப ஆர்டர் வந்திருக்கிறது. ஈ.எம்.சி. (மின்காந்த இணக்கம்: பிற சாதனங்களைக் கெடுக்காமலும் தானும் கெடாமலும் இயங்குவது) சோதனைக்கு ஆளுக்கொரு ஸ்டாண்டர்டு நம்பர் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: உங்கள் பொருளுக்கென்றே தனி ஸ்டாண்டர்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையே எடுங்கள்; 61000-6 வரிசைப் பொது ஸ்டாண்டர்டுகள் எதிலும் சேராத பொருளுக்கு மட்டுமே. மிக்ஸி வீட்டுச் சாதனம் என்பதால் அதிலிருந்து வெளியேறும் மின்காந்த இரைச்சலுக்கு ஈ.என். (ஐரோப்பிய ஸ்டாண்டர்டு) 55014-1, வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தாங்கும் திறனுக்கு 55014-2. கரண்ட் 16 ஆம்பியருக்குள் இருப்பதால் ஹார்மானிக்ஸுக்கு (மின்னோட்ட அலைவடிவச் சிதைவு) 61000-3-2, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு 61000-3-3. ஸ்டாண்டர்டின் ஆண்டுப் பதிப்பை ஐரோப்பிய அரசிதழில் சரிபாருங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வெறும் ரோட்டரி ஸ்விட்ச் என்றால் 55014-2-இல் சோதனையே தேவையில்லை. மைக்ரோகன்ட்ரோலர் டைமர் வைத்தால் உண்டு. புளூடூத் சேர்த்தாலோ கதையே வேறு: ஐரோப்பிய ஈ.எம்.சி. சட்டம் 2014/30 போய் ரேடியோ சாதனச் சட்டம் 2014/53 வந்துவிடும்.

மிக்ஸி பெரும்பாலும் தோற்பது கார்பன் பிரஷ் பொறியால்தான். பிரஷ்ஷை நன்றாக ரன்-இன் செய்தபின் (கொஞ்ச நேரம் ஓட்டிப் படியவிட்டபின்) சாம்பிளைக் கொடுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 கெப்பாசிட்டரை (இரு மின் கம்பிகளுக்கு இடையே போடுவது) பிரஷ் பக்கத்திலேயே, கால்களைக் குட்டையாக வெட்டி வையுங்கள். ஒரு சாண் ஒயர் இழுத்து மாட்டினால் உயர் அலைவரிசையில் பலனில்லை. ஒய் கெப்பாசிட்டரை (மின் கம்பிக்கும் எர்த் அல்லது உடல் பகுதிக்கும் இடையே போடுவது) பெரிதாக்கினால் இரைச்சல் குறையும், ஆனால் கசிவு மின்னோட்டம் ஏறிப் பாதுகாப்புச் சோதனையில் மாட்டுவீர்கள். தரமணி சமீர் மையத்தில் (மத்திய அரசின் ஈ.எம்.சி. சோதனைக்கூடம்) முன்சோதனை செய்துவிட்டு அப்புறம் டை (உற்பத்தி அச்சு) போடுங்கள்.