பட்டனின் ஐடி மாறிக்கொண்டே இருந்தால் என்ன சொல்வது?

தம்பி, ஆட்டோமேஷன் டெஸ்டிங் கோர்ஸ் முடித்தும் இரண்டு நேர்காணலில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள்: "பட்டனின் ஐடி ஒவ்வொரு முறையும் மாறினால் எப்படிப் பிடிப்பீர்கள்?" ஐடி என்பது பக்கத்தின் கோடில் பட்டனுக்கு இடும் அடையாளப் பெயர். நீங்களோ, பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் கருவியின் எட்டு லொக்கேட்டர்களையும், அதாவது பக்கத்தில் ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வழிகளையும், வரிசையாக ஒப்பித்தீர்களாம். ஒப்பிக்க யாராலும் முடியும். பக்கத்தில் எது மாறும், எது நிற்கும் என்று பார்க்கத் தெரிகிறதா என்றுதான் அவர்கள் சோதிக்கிறார்கள்.

பலரும் கற்றுக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று உண்டு. குரோமில் இன்ஸ்பெக்ட், அப்புறம் 'காப்பி எக்ஸ்பாத்': பட்டன் இருக்கும் இடத்துக்கான பாதையை அப்படியே நகலெடுப்பது. பெரும்பாலும் கிடைப்பது, மூன்றாவது டிவ்வுக்குள் (பக்கத்தைப் பிரிக்கும் பெட்டி) இரண்டாவது டிவ் என்று நீளும் ஒரு பாதை. 'முனையிலிருந்து நாலாவது வீடு' என்று வழி சொல்வது மாதிரி. காலி மனையில் ஒரு வீடு எழும்பினால் போச்சு. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு' என்றால் தப்பாது.

'தி இன்டர்நெட்' என்ற பயிற்சித் தளத்தில் 'சேலஞ்சிங் டாம்' பக்கத்தைத் திறங்கள். மூன்று பட்டன்கள் இருக்கும். ரீலோட் செய்தால் ஐடி மாறும், பட்டன் மேலுள்ள எழுத்தும் மாறலாம். ஆனால் ஒன்றின் கிளாஸில் (கோடில் இடும் வகைப்பெயர்) 'அலர்ட்', இன்னொன்றில் 'சக்ஸஸ்' அப்படியே நிற்கும். முதல் பட்டனுக்கு வெறும் 'பட்டன்' என்ற கிளாஸ்தான். அதுவோ மூன்றிலும் இருக்கிறது! அதைக் கொடுத்தால் செலினியம் சத்தமில்லாமல் முதலாவதை எடுத்துக்கொள்ளும். இன்று அது சரியான பட்டன், நாளை வரிசை மாறினால் வேறு பட்டன். டெஸ்ட் பாஸ் ஆனாலும் நம்ப முடியாது. செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டோ, எதைக் கிளிக் செய்வது என்று கேட்டுப் பிழை காட்டி நின்றுவிடும். எரிச்சலில், முதலாவதையே எடு என்று சொல்லும் 'ஃபர்ஸ்ட்' சேர்த்து அதன் வாயை அடைக்காதீர்கள்.

சரி, நேர்காணலில் என்ன சொல்லலாம்? டெவலப்பரிடம், டெஸ்டுக்கென்றே மாறாமல் வைக்கும் 'டேட்டா-டெஸ்ட்ஐடி' என்ற அட்ரிபியூட் போட்டுத் தரச் சொல்வேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். அது முடியாத இடத்தில், பயனர் பார்க்கும் பெயரையும் லேபிளையும் வைத்துப் பிடிக்கலாம். ஆனால் தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடினால் அந்தப் பெயர் மொழிக்கு மொழி மாறும். அதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கிளாஸ் பெயர் அர்த்தமில்லாத எழுத்துக் கலவையாக இருந்தால் தொடாதீர்கள். அது பில்ட் செய்யும்போது (கோடைத் தளமாகத் தொகுக்கும்போது) தானாக உருவானதாக இருக்கலாம், அடுத்த பில்டில் மாறிவிடலாம்.

இந்த வாரம் 'சாஸ் டெமோ' (Sauce Demo) என்ற பயிற்சித் தளத்தில் லாகினிலிருந்து ஆர்டர் வரை ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒவ்வொரு லொக்கேட்டருக்கும் மேலே, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி கமென்ட் போடுங்கள். கிட்ஹப்பில் ஏற்றி ரெஸ்யூமேயில் லிங்க் கொடுங்கள். இன்னொரு கோர்ஸுக்கு அப்பாவிடம் பணம் கேட்பதை அதுவரை தள்ளிப்போடலாம்.