நாய்க்கும் பூனைக்கும் உணவு அலர்ஜியா? பத்தியம் இருந்தால்தான் தெரியும் (கேள்வி பதில்)

பதினாறு வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அரிப்பு பற்றியவை. "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ?" என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை உறுதி செய்வது எப்படி என்பதில்தான் குழப்பம்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. வருடம் முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். காதில் அடிக்கடி சீழ் வருகிறது. ரத்தம் எடுத்து அலர்ஜி டெஸ்ட் செய்தால் எந்த உணவு ஆகவில்லை என்று தெரிந்துவிடுமாமே? (கோவை)

உணவு அலர்ஜிக்காக அந்த டெஸ்ட் வேண்டாம். ரத்தமோ எச்சிலோ முடியோ, எதை அனுப்பினாலும் வருகிற பட்டியலை நம்பி முடிவெடுக்க முடியாது. எந்த நோயும் இல்லாத நாய்களுக்கும் "சிக்கன் ஆகாது, அரிசி ஆகாது" என்று ரிப்போர்ட் வருகிறது. ஓர் ஆய்வில் நாய் முடிக்குப் பதிலாகச் செயற்கை முடியையும், எச்சிலுக்குப் பதிலாக உப்புநீரையும் அனுப்பிப் பார்த்தார்கள். அவற்றுக்கும் அலர்ஜி இருப்பதாகப் பதில் வந்தது! அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள், பத்திய உணவுக்குத் தேவைப்படும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உணவு அலர்ஜிக்குப் பொருந்துகின்றன. பாதம், காது, அக்குள், வயிறு, ஆசனவாயைச் சுற்றி அரிப்பு, அதுவும் பருவம் பார்க்காமல் வருடம் முழுக்க இருந்தால் சந்தேகப்படலாம். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் மலம் போவது, அடிக்கடி வாந்தி, வயிற்றுப் பொருமல் ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் தூசுப் பூச்சி, மகரந்தம் ஆகியவற்றால் வரும் தோல் அலர்ஜியும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. பத்தியம் ஒன்றுதான் வழி: பழைய சாப்பாட்டை எல்லாம் நிறுத்தி, ஒத்துக்கொள்ளக்கூடிய ஓர் உணவை மட்டும் சில வாரம் கொடுத்துப் பார்ப்பது.

கேள்வி: நாட்டு நாய், இரண்டு வயது. வால் ஆரம்பிக்கும் இடத்தில் கடித்துக் கடித்து முடியே போய்விட்டது. சிக்கனை நிறுத்திவிடவா? (மதுரை)

முதலில் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். வால் அடியிலும் பின்தொடையிலும் கடிப்பது பெரும்பாலும் அதன் வேலை. நம் ஊரில் அதை அடக்குகிற குளிர்காலம் கிடையாது, அதனால் பன்னிரண்டு மாதமும் மருந்து தேவை. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காதிலும் தோலிலும் பூஞ்சை, கிருமி இருந்தால் அதற்கும் மருந்து கொடுத்து முடியுங்கள். இத்தனைக்குப் பிறகும் அரிப்பு நின்றபாடில்லை என்றால்தான் சாப்பாட்டுக்கு வர வேண்டும்.

கேள்வி: பத்தியம் என்றால் என்ன கொடுப்பது? எத்தனை நாள்? (திருச்சி, சேலம், இன்னும் பலர்)

இரண்டு வழி உண்டு. ஒன்று, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஹைட்ரலைஸ்டு உணவு. அதில் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்திருப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது இன்ன புரதம் என்று அடையாளம் தெரியாது. விலை அதிகம்தான், ஆனாலும் முடிந்தவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, அந்தப் பிராணி இதுவரை வாயில் வைக்காத ஒரு புரதத்தை வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சிக்கன் சந்தேகம் என்றால் வாத்துக்கோ காடைக்கோ மாறுகிறார்கள். பறவைகளின் புரதங்கள் ஒன்றுக்கொன்று உறவு, ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் ஆகாமல் போகலாம். மாட்டிறைச்சி, பால், ஆட்டிறைச்சி மூன்றுக்கும் இதே கதை. சிக்கன், முட்டை, பால், மட்டன் எல்லாம் சாப்பிட்டு வளர்ந்த நாய்க்குப் பன்றி இறைச்சியோ வளர்ப்பு முயல் இறைச்சியோ கொடுத்து, கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்க்கலாம். அதையும் முன்பு சாப்பிட்டதில்லை என்றால் நல்லது. மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. வளர்ந்த நாய்க்கு எட்டு வாரம் இப்படிப் போனால் பெரிய குறை வராது. குட்டிகளுக்கு இந்த வழி வேண்டாம், எலும்பு வளரும் வயதில் சத்துக் குறையும்.

கடையில் "மீன் மட்டும்" என்று போட்ட சாதாரணப் பாக்கெட் உணவு போதாதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. அட்டையில் எழுதாத வேறு இறைச்சி அவற்றில் கலந்திருப்பது பல சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது.

காலம் எட்டு வாரம். உணவு அலர்ஜி உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து வாரத்திலும், பூனைகளில் ஆறு வாரத்திலும் குணம் தெரிகிறது. எட்டு வாரம் போனால் இரண்டிலும் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டில் அத்தை நாய்க்குத் தயிர்சாதம் வைக்காமல் தான் சாப்பிட மாட்டார். பையன் பிஸ்கட் போடுகிறான். ஒரு வாய்தானே, பரவாயில்லையா? (கும்பகோணம்)

ஒரு வாய் போதும், பத்தியம் முறிந்துவிடும். ஆனால் அத்தையோடு சண்டை போடாதீர்கள். தன் கையால் ஊட்டுவது அவருக்கு ஒரு சந்தோஷம். அவித்த சர்க்கரைவள்ளித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்து, "அத்தை, இதை நீங்கதான் கொடுக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இது தோற்றதில்லை. பையன் சாப்பிடும் நேரத்தில் நாயை வேறு அறையில் கட்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு தாளை ஒட்டி, யார் எதைக் கொடுத்தாலும், தவறிக் கொடுத்தாலும், தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.

என் வீட்டு நாய்க்கே பத்தியம் வைத்தபோது ஆறாம் வாரம் திடீரென்று காது சிவந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: முந்தின வாரம் நான் கொடுத்த உண்ணி மாத்திரையில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருந்தார்கள். மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினோம். மென்று தின்னும் மாத்திரை, சுவையூட்டிய பற்பசை, மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் பன்னீர்த் துண்டு, எல்லாமே சாப்பாட்டுக் கணக்குதான். அந்த எட்டு வாரத்துக்கு உண்ணி மருந்தைக் கழுத்தில் விடும் சொட்டாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு ஊசி போட்டதும் மறுநாளே அரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் உணவு அலர்ஜி இல்லைதானே? (ஈரோடு)

அப்படிச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு எந்த அரிப்பையும் தற்காலிகமாக அடக்கும். பத்தியத்தின் முதல் சில வாரங்களில் பிராணி படும் பாட்டைக் குறைக்க அரிப்பு மாத்திரை கொடுப்பது தவறில்லை, நானும் கொடுக்கிறேன். பிறகு அதை நிறுத்திவிட்டு, பத்தியத்தை மட்டும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். அப்போது அரிப்பு திரும்பாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

கேள்வி: நான்கு வருடமாக அதே சிக்கன் சோறுதான். இப்போது மட்டும் எப்படி அலர்ஜி வரும்? (தஞ்சாவூர்)

பெரும்பாலும் ஏற்கனவே தின்று பழகிய உணவுக்குத்தான் வரும். பழகாத பொருளை எதிர்க்க உடம்பு இன்னும் கற்றிருக்காது.

கேள்வி: பால் குடித்தால் மட்டும் பேதியாகிறது. அரிப்பு இல்லை. (நாகர்கோவில்)

அது பெரும்பாலும் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது. பாலை நிறுத்துங்கள், போதும்.

கேள்வி: எங்கள் பெர்சியன் பூனை முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரும் வரை பிறாண்டுகிறாள். மீன்தான் காரணம் என்கிறார்கள். புது உணவை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள். (சென்னை)

தலை, கழுத்துப் பக்கம் இப்படிப் புண்ணாக்கிக்கொள்வது பூனைகளில் முக்கியமான அறிகுறி. சில பூனைகள் பிறாண்டாது, வயிற்று முடியை நக்கியே வழுக்கையாக்கும்.

மீன் காரணமாக இருக்கலாம். 2016ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உணவு அலர்ஜி உறுதியான பூனைகளில் 18 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்கு மீனும், 5 சதவீதத்துக்குச் சிக்கனும் காரணமாக இருந்தன. நாய்களில் மாட்டிறைச்சி 34, பால் பொருட்கள் 17, சிக்கன் 15, கோதுமை 13. ஆனால் அந்தக் கணக்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கப் பிராணிகளுடையது. அங்கே அவை எதை அதிகம் தின்கின்றனவோ அது பட்டியலில் மேலே வந்திருக்கிறது. உங்கள் பூனையின் பட்டியல் அவள் தட்டில்தான் இருக்கிறது.

பூனையை மட்டும் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள். முழுக்கப் புது உணவுக்கு வந்த நாளிலிருந்து எட்டு வாரத்தை எண்ணுங்கள். வீட்டுச் சமையலில் டாரின் போன்ற சத்துகள் விட்டுப்போகும் என்பதால் பூனைக்கு ஹைட்ரலைஸ்டு உணவுதான் பாதுகாப்பு. வெளியே விடவும் கூடாது, அடுத்த வீட்டுக் கருவாடு காத்திருக்கும்.

கேள்வி: எட்டு வாரம் முடிந்தது, அரிப்பு சுத்தமாக இல்லை. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். நன்றாக இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும்? (திருநெல்வேலி)

மனசு வராதுதான். ஆனால் இந்தப் படியை விட்டுவிட்டால் ஒன்றுமே உறுதியாகாது. இடையில் தெள்ளு மருந்து போட்டிருப்பீர்கள், பருவமும் மாறியிருக்கும், குணம் அதனாலும் வந்திருக்கலாம். பழைய சாப்பாட்டை அப்படியே திரும்பக் கொடுங்கள். உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். திரும்பவில்லை என்றால் உங்கள் நாய் இந்தச் சாப்பாட்டுக்காகப் பத்தியம் இருக்கத் தேவையில்லை, அதுவும் நல்ல செய்திதானே? பாதி குறைந்து பாதி நின்ற அரிப்பு என்றால், உணவோடு தூசு அலர்ஜியும் சேர்ந்திருக்கலாம்.

கேள்வி: திரும்பக் கொடுத்த மூன்றாம் நாளே காதைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். இரண்டு வாரம் முழுக்கக் கொடுக்க வேண்டுமா? (புதுச்சேரி)

வேண்டாம், இன்றைக்கே நிறுத்தி பத்திய உணவுக்குப் போங்கள். உணவு அலர்ஜி உறுதி. காது முழுக்க அடங்கியதும் சிக்கனை மட்டும் சேர்த்து இரண்டு வாரம் பாருங்கள். அரிப்பு வந்தால் அன்றே நிறுத்தி, அடங்கிய பிறகு முட்டை, அப்புறம் தயிர், அப்புறம் கோதுமை, ஒவ்வொன்றாக. தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.